ஆளில்லாமல் ஏறும் கார்

அந்தப் பக்கத்தை நான் எப்போது படித்தேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மரம் வருவதற்கு முன்பா, அதை அறுத்துப் பூட்டி முடித்த பிறகா? பதினைந்து வருஷமாக இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டுமே நடந்தது போல் இருக்கிறது.

1963இல் நான் இந்தத் தீவில், ஹேடோவில், துறைமுக வேலைகளுக்கான ஸ்டோரில் கணக்கராக இருந்தேன். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் ஒற்றை அறை வீடு. பக்கத்து வீட்டில் அந்தோணிமுத்துவும் அவர் மனைவி லூசியும். அவர் மணப்பாட்டிலிருந்து வந்த படகுத் தச்சர். நானும் திருநெல்வேலிப் பக்கம்தான் என்பதால் லூசி முதல் நாளே என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டாள். அதற்கு முன் நான் நாள்கணக்கில் வாய் திறக்காமல் புத்தகம் படித்துக்கொண்டு கிடந்தவன். அவர்கள் வந்த பிறகு சாயங்காலமானால் அறையில் இருக்க முடியவில்லை. சுத்தியல் சத்தம் கேட்கிறதா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் அவர்கள் கப்பல் ஏறினார்கள். மகள் அமுதத்தை நான்கு வயதில் லூசியின் அக்கா கிளாராவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். 1963இல் அவளுக்கு எட்டு. ஒவ்வொரு மெட்ராஸ் கப்பலிலும் கிளாராவின் கடிதம் வரும். அதற்குள் ஒரு நூல் சுருட்டி வைத்திருக்கும். பிள்ளையின் உயரத்துக்கு அளந்து வெட்டிய நூல். அதை வைத்து லூசி கவுன் தைத்து அடுத்த கப்பலில் அனுப்புவாள்.

திரும்பாததற்குக் காரணம் கார். புறப்படும்போது அந்தோணிமுத்துவுக்கும் அவர் அண்ணன் வேதநாயகத்துக்கும் கோயில் வாசலில் சண்டை. "பையத் தூக்கிக்கிட்டு நடந்துதான்ல திரும்பி வருவ" என்றிருக்கிறார் அண்ணன். "கார்ல வாரேன், பாரும்" என்று இவர் ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னது. ஆனால் மறுவருஷமே இங்கே கழித்துவிட்ட சாமான்களின் ஏலத்தில் ஒரு கார் நின்றது. யாரோ வெள்ளைக்கார அதிகாரி யுத்தத்துக்கு முன் விட்டுவிட்டுப் போன சின்ன ஆஸ்டின். நானும் அவரும் சேர்ந்து எடுத்தோம். இன்ஜினைப் பழுது பார்க்க ஒரு லாரி மெக்கானிக் கிடைத்தார். உடம்புதான் போயிருந்தது. வெளியே தகரம், உள்ளே மரக்கூடு. மரத்தைச் செல் அரித்திருந்தது.

"மரந்தான? என்கிட்ட விடும் ஓய்" என்றார் அந்தோணிமுத்து.

என் வேலை ஒன்றே ஒன்று. சீட்டுக்கு அடியில் ஓர் இங்கிலீஷ் கையேடு கிடந்தது. அதைப் படித்துச் சொல்ல வேண்டும்.

படாக் மரம் கொண்டுவந்தார். சிவந்து, இரும்பு மாதிரி இருக்கும். இந்தத் தீவில் அதைவிட நல்ல மரம் இல்லை. படகின் விலா எலும்பை அவர்கள் வங்கு என்பார்கள். காருக்கும் வங்கு வைத்தார். ஒவ்வொன்றும் என் முழங்கை கனம்.

"இம்புட்டுக் கனமா எதுக்கு?" என்று லூசி கேட்டாள்.

"கனம் இருந்தாத்தான்ட்டி அலையில நிக்கும்."

"ரோட்டுல ஏது அலை?"

"இந்த ஊரு ரோட்ட நீ பாத்ததில்ல."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கையேட்டில் அந்தப் பக்கம் இருந்தது. உடற்கூட்டின் எடையைக் கூட்டினால் மேட்டில் வண்டி இழுக்காது என்று இரண்டு வரி. அப்போதே படித்திருந்தால் ஏன் சொல்லவில்லை? கார் ஓடினால் அவர்கள் போய்விடுவார்கள். ஓடாவிட்டால் இன்னொரு வருஷம் இருப்பார்கள். இப்படி நான் கணக்குப் போட்டேனா? போடவில்லை என்று சொல்லத்தான் ஆசை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து வந்ததும் மூவரும் ஏறினோம். ஹேடோ வரை ஓட்டிப் போய்க் கப்பலில் ஏற்றுவதற்குக் கேட்டு வருவதாகத் திட்டம். சமதளத்தில் நன்றாகவே ஓடியது. லூசி புதுச் சேலை கட்டியிருந்தாள். முதல் மேட்டின் பாதியில் இன்ஜின் முனகியது, இருமியது, நின்றுவிட்டது.

எதிரே வந்த லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "க்யா பாய், காடி பனாயா யா நாவ்?" கார் கட்டினாயா, படகு கட்டினாயா?

"தோனோ" என்றார் அந்தோணிமுத்து. இரண்டும்தான். லாரியின் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

லூசி இறங்கினாள். மறுபடி கிளப்பியதும் கார் பத்தடி ஏறி நின்றது. நான் இறங்கினேன். இன்னும் பத்தடி.

"நீங்களும் இறங்குங்க" என்றாள் லூசி. "மேல போய்ச் சேந்துரும்."

அவர் நிஜமாகவே இறங்கினார். சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் புஸ்தகத்துல இதுக்கு ஒண்ணும் எழுதலையா?"

கையேடு என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தேன். நான் தேடவில்லை. விரித்ததும் அந்தப் பக்கத்தில்தான் விரிந்தது. தமிழில் படித்துச் சொன்னேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

"இத எப்பப் படிச்சீங்க?"

"இப்பத்தான்."

  காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தேன்.

"பிரிச்சு மெலிசாச் செய்யணும்" என்றார் அந்தோணிமுத்து. "ஒரு வருசம் ஆவும்."

"செய்யலாம். நான் கூட இருக்கேன்" என்றேன். கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டேன்.

லூசி கைப்பையிலிருந்து நூலை எடுத்தாள். கடைசிக் கப்பலில் வந்தது. ஒரு முனையை அவரிடம் நீட்டினாள்.

"இதத் தரையில பிடிங்க."

உட்கார்ந்தபடியே பிடித்தார். அவள் மறுமுனையை நிமிர்த்தி இழுத்தாள். அது அவள் தோளைத் தொட்டது.

"விட்டுட்டு வந்தப்ப என் இடுப்பளவு நின்னா. இனி நூல் அனுப்பாதன்னு கிளாராவுக்கு எழுதப் போறேன். நான் அடுத்த கப்பல்ல போயிருவேன். கார்ல வாரவங்க கார்ல வாங்க."

அவர் நூலை விடவில்லை.  எழுந்து போய், கதவுத் தகரத்துக்குள் தெரிந்த வங்கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்று கேட்டது.

"மரம் நல்ல மரம் ஓய்" என்றார் என்னிடம். பிறகு லூசியிடம், "நடந்தே போவம்ட்டி."

கல்லை எடுத்தோம். கார் பின்பக்கமாகத் தானே இறங்கியது. நாங்கள் மூவரும் பிடித்துக்கொண்டு கூடவே போனோம்.

அவர்கள் ஜனவரிக் கப்பலில் போனார்கள். அந்தோணிமுத்து அண்ணனின் பட்டறையிலேயே படகு கட்டினார். வேதநாயகம் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று லூசி எழுதியிருந்தாள். அந்தோணிமுத்து 1974இல் நெஞ்சுவலியில் இறந்தார். வேதநாயகம் அதற்கு மறுவருஷம். அமுதம் தூத்துக்குடியில் நர்ஸாக இருக்கிறாள். லூசி அவளோடு இருக்கிறாள். இன்ஜினை ஜம்புலிங்கம் என்ற கான்ட்ராக்டர் வடக்கே திக்லிபூருக்குக் கொண்டுபோய்ப் பாக்குத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்க வைத்தார். தகரம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. வங்குகளை நான் என் அறையில் புத்தக அலமாரியாக அடித்துக்கொண்டேன். அதில் இன்றுவரை செல் ஏறவில்லை. கையேடும் அதில்தான் இருக்கிறது. எனக்கு அடுத்த வருஷம் ஓய்வு. லூசியின் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதினேன். அந்தப் பக்கத்தைப் பற்றி அவள் மறுபடி கேட்டதில்லை. நானும் எழுதியதில்லை.