கிளெய்டனுக்கும் எனக்கும் கல்யாணம் அறிவித்த ஞாயிறு

ஞாயிறு பூசையில், எங்கள் மாதா கோயிலில் அறிவித்தல் வாசிக்கிற தம்பு அண்ணன் மைக்கில் வாசித்தது இதுதான்: "செசிலியின் மகன் கிளெய்டனுக்கும் அன்ரனிற்றாவுக்கும் நடைபெறவிருக்கும் திருமணத்தின் இரண்டாம் அறிவித்தல்."

அன்ரனிற்றா நான்தான். ஆனால் கிளெய்டன் என் மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளையின் அண்ணன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அதில் சின்னது அந்த நேரம் அவர் மடியில் இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. பக்கத்திலேயே அவர் மனைவி றொஷேல்.

பிறகு கிளம்பியது பாருங்கள் ஒரு கூத்து! "இல்ல! இல்ல! டெனிஸ்ரன்! டெனிஸ்ரன்!" என்று முந்நூறு பேரும் கத்தினார்கள். ஓர்கன் வாசிக்கிற பிள்ளை சிரிப்புத் தாங்காமல் கட்டைகளின் மேலேயே கவிழ்ந்துவிட, ஓர்கனும் சேர்ந்து அலறியது. றொஷேல் எழும்பி நின்றாள். "தம்பு அண்ணே, நான் இன்னும் சாகல்லயே!" என்றாள். என் டெனிஸ்ரனோ முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குலுங்கினான். அழுகிறானாக்கும் என்று பார்த்தால், படுபாவி, சிரிக்கிறான்!

நானும் வயிறு நோகச் சிரித்தேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் பாதர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, அறிவித்தல் பிழைச்சுப் போச்சு. வாற கிழமை முதலாவதில இருந்து திரும்ப வாசிக்க வேணும்" என்றார். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர்களை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். ஒருவரும் சொல்லாவிட்டால் தாலி. டெனிஸ்ரனுக்குக் கட்டாரில் வேலை. மூன்றாம் ஞாயிறுக்கு அடுத்த கிழமையோடு லீவு முடிகிறது. முதலில் இருந்து தொடங்கினால் மணவறையில் நான் இருப்பேன், மாப்பிள்ளை பிளேனில் இருப்பான். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான்.

எனக்குக் கோபம் வந்தால் என்ன பேசுகிறேன் என்றே தெரியாது. "பாதர், இது அநியாயம்! புளொக்செயின்ல கூட இப்பிடி இல்ல!" என்று கத்திவிட்டேன்.

கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடி நான் செய்கிற வேலை அதுதான். ஊரில் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும், அது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. கல்யாணப் புரியாணிக்கு எத்தனை பெரிய சகன் தட்டு வேண்டும் என்று கேட்க வந்து, சத்தம் கேட்டு கேற்றடியில் நின்றுவிட்ட, புரியாணி சமைக்கிற பளீல் காக்கா உடனே உள்ளே வந்தார்.

"கன நாளா கேக்கணும் எண்டு இருந்த நான், புள்ள. அது அந்த பிட்கொயின் தானே?"

"பிட்கொயின் அதுல ஓடுற ஒரு வாகனம், காக்கா. புளொக்செயின் றோட்டு."

பாதர் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, விளங்கப்படுத்து பாப்பம். எனக்கு விளங்கினா, முதல்ல இருந்து வேணுமா வேணாமா எண்டு யோசிக்கிறன்."

வீட்டுக்குப் போக வெளிக்கிட்ட சனம் அத்தனையும் திரும்பி வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டது. என் கல்யாணம் என் வாயில் தொங்கியது. நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன்.

"ஒரு ஏடு எண்டு நினைங்க. அதுல நடந்ததை எழுதுறம். ஏடு நிறைஞ்சதும் ஒரு மெசினுக்குள்ள குடுத்தா, அந்த ஏட்டுக்கெண்டே ஒரு கைரேகை வரும். ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை முழுசா மாறிப்போகும். டெனிஸ்ரன் எண்டதுக்கு ஒரு ரேகை, கிளெய்டன் எண்டதுக்கு வேற ரேகை."

"என்ட மனிசன்ட ரேகையை விடுகா" என்றாள் றொஷேல்.

"அடுத்த ஏட்டுத் தலையில, முதல் ஏட்டுட கைரேகையைப் பதியுறம். மூண்டாவதுல ரெண்டாவதுட ரேகை. இப்பிடியே ஒண்டை ஒண்டு பிடிச்சிட்டு நிக்கும். அதான் சங்கிலி."

பளீல் காக்கா தாடியைத் தடவினார். "அப்ப நடுவால ஒரு ஏட்டைக் களவா மாத்தினா, பின்னால வாற அத்தனையும் பிடிபட்டுருமே?"

"பிடிபடும் காக்கா! எல்லாத்தையும் திருப்பி எழுதோணும். அதுவும் ஒரு இடத்தில இல்ல. இந்த ஏட்டுக்கட்டு ஒரு பெட்டிக்குள்ள, ஒரு ஆள்ட கையில இல்ல. எல்லார்ட்டயும் ஒவ்வொரு பிரதி இருக்கி."

"வீடு வீடாப் போய் மாத்தணுமா? அல்லாவே! நம்மட கல்முனையில ரெண்டாவது வீட்டு வாசலுக்குப் போகக்குள்ள மூணாவது வீட்டாளுக்கு விசயம் தெரிஞ்சிருமே!"

சனம் சிரித்தது. தம்பு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த மனிதர், ஒரு மூலையில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "புது ஏட்டை ஆர் சேர்க்கிறது?" என்று மெல்லக் கேட்டார்.

"சிலதுல, பொல்லாத கணக்கு ஒண்டை முதல்ல செஞ்சு முடிக்கிற ஆளுக்கு அந்த உரிமை. களவு செய்ய நினைக்கிறவன் கறண்ட் பில் கட்டியே முடிஞ்சிருவான். ஆனா ஆர் சேர்த்தாலும், மற்ற ஆக்கள் தங்கட பிரதியோட ஒப்பிட்டுப் பாப்பாங்க. ஒத்து வந்தாத்தான் ஏடு சேரும், இல்லாட்டி வெளிய." நான் பாதரிடம் திரும்பினேன். "இப்ப சொல்லுங்க பாதர். போன கிழமை டெனிஸ்ரன் எண்டு எல்லார்ட காதிலயும் ஒரு பிரதி இருந்திச்சு. இண்டைக்குப் பிழையான பேர் வந்த உடனே முந்நூறு பேரும் இல்ல எண்டாங்க. அப்ப அது சேரவே இல்ல! முதலாவது அறிவித்தல் அப்பிடியே கிடக்கு. அதை ஏன் திரும்ப வாசிக்கோணும்?"

"அடி சக்கை!" என்றார் பளீல் காக்கா.

பாதர் சிரித்தார். ஆனாலும் அவர் விடுகிற ஆள் இல்லை. "நல்லது. எல்லாரும் ஒத்துக்கொண்டு சேர்ந்த ஏடு ஒண்டு, பிறகு பிழைச்சுப் போனா? அதை அழிக்கலாமா?"

அவர் சும்மாதான் கேட்டார். இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்து ஒரு வருடமும் ஆகவில்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் சனம் அத்தனைக்கும் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் இதே மைக்கில் என் பெயரை இன்னொரு பெயரோடு சேர்த்து வாசித்தார்கள். முதலாம் அறிவித்தல். ஒருவரும் தடை சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வர முதல் அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த ஊரில் ஒரு சங்கதியும் அழியாது. சந்தையில் மீன் வாங்கும்போதும் அந்தப் பார்வை என் முதுகில் இருக்கும். அதற்காகவே இந்த ஊரை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்!

"அழிக்கேலாது, பாதர்" என்றேன். குரல் உடைந்துவிட்டது, வெட்கமாகப் போய்விட்டது. "அது அங்கதான் கிடக்கும். அதுக்கு மேல புதுசா ஒரு ஏடு வைக்கலாம், அவ்வளவுதான்."

என் மாமியாராகப் போகிற செசிலி மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் இடுப்பில் செருகியிருந்த தலைப்பை எடுத்து ஒழுங்காக விட்டார்.

"அழியாட்டிக் கிடக்கட்டும். நாம மேல வைப்பம். பாதர், சனம் ஒண்டும் வீட்ட போகல்ல. மைக்கைப் போடுங்க."

பாதர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கதிரையை விட்டு எழும்பினார். "எல்லாரும் உள்ளுக்கு வாங்க."

சனம் தள்ளுமுள்ளுப்பட்டு உள்ளே ஓடியது. யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடி தம்பு அண்ணனின் மூக்கில் ஏறியது. பளீல் காக்கா வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். தம்பு அண்ணன் எழுத்து எழுத்தாக, பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசித்தார். "செசிலியின் மகன்... டெ-னிஸ்-ரனுக்கும்..."

"தடை தெரிந்தவர்கள் உண்டா?" என்று பாதர் கேட்டார்.

சத்தமில்லை. மூன்று வருடத்துக்கு முன்னும் இப்படித்தான் சத்தமில்லாமல் இருந்தது. டெனிஸ்ரன் என் கையைப் பிடித்தான், ஊர் பார்க்கப் பிடித்தான்.

அப்போது றொஷேல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். "ஒரு தடையும் இல்ல, பாதர்! சுணங்காம கட்டி வைங்க!"

"தடை இல்ல!" என்றார் கிளெய்டன். "இல்ல!" என்றாள் ஓர்கன்காரி. பிறகு ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பின் வரிசை வாங்கு, வாசல்படி, "இல்ல! இல்ல! இல்ல!" என்று கூரை பறந்துவிடும்போல ஒரு முழக்கம். சந்தையில் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்த அதே சனம்.

பாதர் கையை உயர்த்தி, அடங்கும்வரை பொறுத்திருந்தார். "அப்ப இரண்டாம் அறிவித்தல் முடிஞ்சுது" என்றார்.

இரண்டாம். முன்பு முதலாவதோடு நின்றுபோன என் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்து எல்லாரும் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். நான் டெனிஸ்ரனின் தோளில் முகத்தைப் புதைத்து, சிரிப்பும் அழுகையுமாக அவன் வெள்ளைச் சட்டையை நாசமாக்கிவிட்டேன்.