பதினோரு நாள் உப்பு

அம்சவல்லிக்கு நான் ஊற்றிய கஞ்சியில் பதினோரு நாள் உப்பை அள்ளிப் போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, என் வயிற்றெரிச்சல்தான் செய்ய வைத்தது. என் புருஷன் கையை அறுத்தவளுக்கு வாய்க்கு ருசியாகவா ஆக்கிப் போடுவேன்?

தாலுகா கச்சேரிக்குப் பின்னால் இருந்த சப் ஜெயிலில் பெண்களுக்கென்று ஒரே ஓர் அறை. பெண் கைதி வந்தால்தான் பெண் வார்டரான எனக்கு வேலை. காலை ஆறு மணிக்குச் சாவியை வாங்கிக்கொண்டு சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராத்திரிக் காவலுக்கு வேறொருத்தி வருவாள். இரண்டு வருஷத்தில் நான் காவல் காத்தது மொத்தம் ஆறு பேரை. சாராயம் காய்ச்சியவள், கோழி திருடியவள், இப்படி. ஏழாவதாக வந்தவள் அம்சவல்லி.

அந்தத் தை மாத அறுவடை நல்லபடியாகத் தொடங்கவில்லை. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு எங்கள் ஊரில் செங்கொடி ஏறியிருந்தது. சர்க்கார் நியாயக் கூலிச் சட்டம் போட்டு, அதை மேடை மேடையாகப் பேசியும் ஆகிவிட்டது. எங்கள் மிராசுதார் காதுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. அவர் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளூர்ப் பெண்கள், நாற்று நட்ட நாங்களே அறுப்போம் என்று வயலுக்குள் இறங்கினார்கள். அவர்களைக் கரையேற்றப் போனவர் மிராசுதாரின் காரியக்காரர் பஞ்சநாதன். அவர்தான் என் வீட்டுக்காரர். அன்று மத்தியானம் வலது கையில் ரத்தம் தோய்ந்த கட்டோடு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்சவல்லி என்கிறவள் கதிர் அறுக்கும் கருக்கரிவாளால் வெட்டினாள் என்று போலீசில் வாக்குமூலம் கொடுத்தார்.

ஹெட் வார்டர் ஹாஜா மைதீன் கூத்தாநல்லூர்க்காரர், நல்ல மனுஷர். அம்சவல்லியைக் கொண்டுவந்த அன்றே என்னைக் கேட்டார்.

"இந்தாம்மா கமலவல்லி, இந்தப் பொண்ணு ஒனக்குச் சொந்தமா, வேண்டியவளா, வேண்டாதவளா? ஏதாச்சும் இருந்தா சொல்லிப்புடு. வேற ஆளப் போட்டுக்கறேன்."

"யாரோ எவளோ. எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

ரெக்கார்டில் என் பேருக்கு முன்னால் இருந்தது அப்பா பேர். புருஷன் பேரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாவி என் இடுப்பில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதை வைத்து என்ன செய்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது. மனசுக்குள் அவளை தினம் நாலு தடவை கொன்றேன். கையால் முடிந்தது உப்பு மட்டும்தான்.

அம்சவல்லிக்கு முப்பது வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய கண். மயில்துத்த நீலக் கலரில் ஒரு புடவை, மாற்றுப் புடவைகூட இல்லை. முதல் நாள் கஞ்சியை வாயில் வைத்ததும் ஒரு நொடி நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு மடக் மடக்கென்று குடித்து முடித்து, ஈயக் குவளையைக் கழுவிக் கம்பி வழியாக நீட்டினாள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமாம்மா?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டை இப்படி ஆக்கிவிட்டு என்னிடமே குசலம் விசாரிக்கிறாளே! ஆனால் நான் யார் என்று அவளுக்குத் தெரியாதே, சும்மா மரியாதைக்குக் கேட்கிறாள் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். மறுநாள் இன்னும் அரைப் பிடி கூடப் போட்டேன். அதையும் குடித்தாள், அதே கேள்வியைக் கேட்டாள். பதினோரு நாளும் இதே கதைதான். சண்டை போடுகிறவளைச் சமாளித்துவிடலாம். இவளை என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு கைதி இருந்தார். வலது கையைத் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேட்டியைக்கூட ஒழுங்காகக் கட்ட முடியாமல் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். இடது கையால் சாப்பிட அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்காது. நான்தான் உருட்டி ஊட்டுவேன். ஊர் முழுக்க அதட்டுகிற அந்த மீசை, ரசம் சாதத்துக்கு அண்ணாந்து வாயைத் திறக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

பதினோராம் நாள் குவளையை வாங்கும்போது அவள் என் இடது கையையே பார்த்தாள்.

"நீங்களும் அறுத்த கைதாம்மா" என்றாள்.

என் சுண்டுவிரலில் ஒரு பழைய தழும்பு உண்டு. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் ஒரு மா நிலத்தில் நானே கதிர் அறுத்திருக்கிறேன். இடது கையால் தாளைப் பிடித்து வலது கையால் அரிவாளை இழுக்கும்போது, அது ஒரு நாள் சுண்டுவிரலில் ஏறத்தான் செய்யும். அறுப்புக்குப் போகிற பெண்களில் அந்தத் தழும்பு இல்லாதவர்கள் குறைவு. அவள் தன் கையை நீட்டிக் காட்டினாள். அவள் சுண்டுவிரலில் மூன்று தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்று.

"மூணாந்தடவ அறுத்ததுலேருந்து இந்த விரல் மடங்கறதில்ல" என்று சிரித்தாள். "கருக்கருவா வெட்டாதும்மா, அறுக்கும். பல்லு இருக்குல்ல, பதிஞ்சத விடாது. அதான் எங்க அம்மா சொல்லும், யாருகிட்டேருந்து வாங்குனாலும் பிடியப் பிடிச்சு வாங்கு, பல்லப் பிடிச்சு இழுக்காதேன்னு."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். முந்தானை பாதியில் கிழிந்திருந்தது. பச்சைக் கரையோடு சேர்த்து அகலவாக்கில் கிழித்த கிழிசல்.

நான் குவளையை அங்கேயே வைத்துவிட்டேன். சாவி இடுப்பில் கனத்தது.

தினம் இரண்டு வேளை அந்தக் கைக்குக் கட்டு மாற்றுகிறவள் நான். காயம் புறங்கையில் இல்லை, முழங்கையில் இல்லை. உள்ளங்கைப் பக்கம், நாலு விரலின் குறுக்கே, பிய்த்துப் பிய்த்து ரம்பம் போட்ட மாதிரி ஒரே வரி. வெட்டு வாங்கிய கையில் அப்படி விழாது. பல்லைப் பிடித்து இழுத்த கையில்தான் விழும். இத்தனை நாள் அதைப் பார்த்துப் பார்த்து அழுதேனே தவிர, பார்க்கவில்லை. இன்னொன்றும் இருந்தது. அவர் கழுத்தில் தூளியாகத் தொங்கிய துணி, அன்று ரத்தம் தோய்ந்த கட்டாக வந்தது. நான்தான் துவைத்து எடுத்து வைத்தேன். மயில்துத்தக் கலர், பச்சைக் கரை.

அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையை அவர் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏங்க, இந்தத் துணி யாருது?"

"எது?"

"கழுத்துல கிடக்கறது."

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். மீசை மட்டும் ஒருமுறை அசைந்தது.

"அவ வெட்டுனாளா, நீங்க புடுங்குனீங்களா?"

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"கரையேறுடின்னேன். மாட்டேன்னா. அருவாள எட்டிப் புடிச்சேன் கமலம். 'ஐயா, இழுக்காதீங்க, இழுக்காதீங்க'ன்னு கத்துனா. எனக்கு என்ன தெரியும்? நான் என்னிக்கு அறுத்தேன்? ரத்தத்தப் பாத்ததும் எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. அவதான் முந்தானையக் கிழிச்சுக் கட்டுனா."

"அப்புறம் ஏன் அப்படி எழுதிக் குடுத்தீங்க?"

"மொதலாளி சொன்னாரு." கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, "இருபது வருஷமா நெல்லுக்காரியம் பாக்கறவன், அருவாள எப்படிப் புடிக்கறதுன்னு தெரியாம கைய அறுத்துக்கிட்டேன்னு ஊர்ல எப்படிடி சொல்றது?"

அடப்பாவி மனுஷா! அந்த வெட்கத்துக்கா ஒருத்தி உள்ளே கிடக்கிறாள்? அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் என்மேல் வந்த கோபம் அதைவிடப் பெரிது. அவர் ஒரு பொய்தான் சொன்னார். நான் பதினோரு நாள் தவறாமல் அளந்து போட்டிருக்கிறேன்.

"நாளான்னைக்கு அவளக் கோர்ட்டுக்குக் கொண்டுவராங்க. நீங்க வந்து நடந்தத நடந்தபடி சொல்றீங்க" என்றேன்.

"சொன்னா வேலை போயிரும். இந்த வீடு அவரு வீடு."

"போவட்டும். கீத்துக் கொட்டாய்ல இருந்தாலும் நான்தான் ஊட்டணும். பொய் சொன்ன வாய்க்கு என் கையால ஊட்ட முடியாதுங்க. எனக்கு அருவருப்பா இருக்கு."

சொல்லிவிட்டு நானே அழுதேன். அவர் இடது கையால் என் கண்ணைத் துடைக்கத் தெரியாமல் துடைத்தார். உருண்டை கையிலேயே காய்ந்துவிட்டது. அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மறுநாள் ஹாஜா மைதீனிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சாவியை நீட்டினேன்.

"பத்து நாள்ல ஒரு மாச உப்பு தீந்துபோச்சேன்னு பாத்தேன்" என்றார். "நாளைக்குக் கோர்ட் முடியட்டும். அப்புறம் ஒன் வேலையப் பத்திப் பேசுவோம். சாவிய இங்க வச்சுட்டுப் போ."

கோர்ட்டில் என் வீட்டுக்காரர் கூண்டருகே போய், தூளியோடு கையைத் தூக்கிக் காட்டி, "நானாப் புடிச்சு இழுத்தேங்க. அந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் சொல்லிச்சு" என்றார். மிராசுதார் பக்கத்து வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மாஜிஸ்திரேட் கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கையைப் பார்த்தார். அன்றே அவளுக்கு ஜாமீன், ஆறு மாதத்தில் வழக்குத் தள்ளுபடி. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்ய ஆறு நாள்கூட ஆகவில்லை.

ஜாமீனில் வந்த அன்று ஜெயில் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தோம். அவர் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார். அவள் வெளியே வந்ததும் நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கஞ்சி..." என்றேன்.

"நீங்க யாருன்னு மொத நாளே தெரியும்மா. வரப்புல இவருக்குச் சோத்துத் தூக்கு கொண்டாருவீங்களே, பாத்திருக்கேன்."

"தெரிஞ்சா ஹெட் வார்டர்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. அப்புறம் நான் யாருகிட்டக் கேக்கறது, இந்தக் கை என்னாச்சுன்னு?"

அப்போதுதான் அந்தக் குசலம் எனக்குப் புரிந்தது. பதினோரு நாளும் அவள் கேட்டது என் வீட்டை இல்லை, அந்தக் கையைத்தான். நான் ஒரு நாள்கூடப் பதில் சொல்லவில்லை.

அவள் மரத்தடிக்குப் போனாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஐயா, வெரல மடக்குங்க பாப்போம்."

அவர் தூளியிலிருந்து கையை எடுத்து, சிறுபிள்ளை மாதிரி ஒவ்வொரு விரலாக மடக்கினார். மூன்று விரல்கள் பாதி மடங்கின. சுண்டுவிரல் அப்படியே நின்றது.

"இது மட்டும் வரல" என்றார்.

"அது வராதுங்க" என்று அம்சவல்லி தன் இடது கையை அவருக்கு எதிரே நீட்டினாள். அவளுடைய சுண்டுவிரலும் மடங்காமல் நின்றது. "அறுத்த கையில அது வராது."