செத்த போருக்கு ஊற்றிய மழை

ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி மாரண்டஹள்ளியைத் தாண்டி, மண் சாலையில் முக்கி முனகி ஏறி, சின்னராஜின் மல்பெரித் தோட்டத்துக்கு வந்து நின்றபோது மணி எட்டரை. வண்டியின் மூக்குக்கு நேராக வழிமறித்து நின்றாள் அவர் மகள் பூவிழி. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். படித்தது நிலவியல். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேர்.

"போரு போடற பாயிண்டு எங்கங்க?" என்றபடி டிரைவர் இறங்கினார்.

"பாயிண்டும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. டீ குடிச்சிட்டு வண்டியத் திருப்புங்க."

"பாப்பா!" சின்னராஜ் அதட்டினார். "குறுக்க நிக்க மாட்டேன்னு சொன்னது யாரு?"

"நாந்தான். ஐப்பசி முடிஞ்ச பொறவு நிக்க மாட்டேன்னேன். இன்னிக்கி ஐப்பசி கடைசி நாளு. ஒம்போது மணிக்கிக் கரண்டு வரட்டும்."

அந்தத் தோட்டத்தில் ஏற்கெனவே நாலு போர். மூன்று தண்ணீர் வற்றிச் செத்துவிட்டன. எண்ணூறு அடி ஆழமுள்ள நாலாவதும் இருபது நிமிடம் இறைத்துவிட்டுக் காற்று வாங்கும். ஐந்தாவதை ஆயிரத்து இருநூறு அடிக்கு இறக்குவது என்று சின்னராஜ் முடிவு கட்டியிருந்தார். அதற்காகச் சாலையோரத்து அரை ஏக்கரை விற்பது என்றும்.

பூவிழி பார்த்தது மழையை. முன்பு நாற்பது நாள் நின்று நிதானமாகப் பெய்த மழை இப்போது நாலே நாளில் கொட்டித் தீர்க்கிறது. மண் குடிப்பதற்குள் ஓடையில் இறங்கி ஓடிவிடுகிறது. அடுத்த வாரமே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

"கண்ணு முன்னால ஓடறத வுட்டுட்டு, பாதாளத்துல போயித் தேடறீங்களே, வெக்கமா இல்லியாப்பா?" என்று கோடையில் ஒருநாள் கேட்டுவிட்டாள். மூன்று நாள் அப்பா அவளிடம் பேசவில்லை. நாலாம் நாள், "ஐப்பசி முடியறதுக்குள்ள நாலாவது போரு மோட்டாரு ரெண்டு மணி நேரம் ஓடோணும். ஓடலன்னா வண்டி வரும்" என்றார்.

செத்த போரில் கல்லைக் கொட்டித் தூர்த்துவிடுவதுதான் அங்கே வழக்கம். இரண்டை அப்படித்தான் சின்னராஜ் தூர்த்திருந்தார். நாலாவதுக்குப் பக்கத்திலிருந்த மூன்றாவது மட்டும் மூடி போட்டுக் கிடந்தது. அதில் மழையை இறக்கினால் பாறை இடுக்கு வழியாக நாலாவதுக்குப் போய்ச் சேரும் என்பது பூவிழியின் கணக்கு. அதைச் சுற்றிப் பத்தடிக்குக் குழி எடுத்தாள். போரின் வாயில் இறக்கியிருந்த கேசிங் பைப்பில் துளை போட்டு வலை சுற்றினாள். தண்ணீர் வடிகட்டி இறங்கக் குழியைக் கல் கொட்டி நிரப்பி, ஓடைத் தண்ணீரை அதற்குத் திருப்பினாள்.

பக்கத்துத் தோட்டத்துப் பச்சியப்பன் வரப்பில் நின்று சிரித்தார். "ஊரே போர்ல தண்ணி எடுக்குது. சின்னராசு மவ தண்ணி ஊத்தறா. படிப்புன்னா இதான்டா படிப்பு!"

ஆடியில் முதல் மழை வந்தது. ஆற்று மணல் கிடைக்கவில்லையென்று அவள் குழியின் மேலே கல் உடைக்கும் கிரஷரின் துகளைக் கொட்டியிருந்தாள். அது சேறோடு சேர்ந்து சிமெண்டு மாதிரி இறுகிப்போய், ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. தேங்கிய குட்டையில் பச்சியப்பனின் எருமை இரண்டு நாள் சுகமாகப் படுத்துக் கிடந்தது.

அவள் அழவில்லை, கடப்பாரையை எடுத்தாள். அம்மா ராமக்காள் கூடை பிடிக்க, பத்து நாளில் மொத்தத்தையும் அள்ளி வெளியே கொட்டினார்கள். இந்த முறை அடியில் பெருங்கல், அதன்மேல் கூழாங்கல், அதற்கும் மேல் சல்லடையில் சலித்த ஓடை மணல். வண்டல் முன்னாலேயே தங்கிவிட இன்னொரு சின்னக் குழி. புரட்டாசியில் பெய்ததைக் குழி குடித்தது. ஐப்பசியில் மூன்று நாள் கொட்டியதையும் குடித்தது. ஆனால் அந்த இடியில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. நேற்று இரவுதான் புதிது மாற்றினார்கள். நாலாவது போரில் என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது.

ஒன்பது மணி. பூவிழி நாலாவது போரின் ஸ்டார்ட்டரைத் தட்டினாள். பைப்பு இருமியது, செம்மண் கலங்கலைத் துப்பியது, பிறகு வாய் நிறைய ஊற்றியது.

"இருவது நிமிசம்" என்றார் பச்சியப்பன், வேடிக்கை பார்க்கத் தோதாகக் குத்தவைத்தபடி. "அப்பறம் பாரு."

இருபது நிமிடம் போனது. நாற்பது போனது. பூவிழி பைப்பின் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனதும், "மோட்டாரு எதுங்க, புதுசா?" என்று டிரைவர் கேட்டார்.

"மோட்டாரு பழசுதாங்க. தண்ணிதான் புதுசு."

சின்னராஜ் மல்பெரிப் பாத்திக்கு இறங்கினார். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியை எடுத்து மடையை மாற்றினார். அடுத்ததும் நிறைந்தது. இரண்டு வருடமாகத் தண்ணீரையே பார்க்காத கடைசிப் பாத்திக்குப் போய் நின்றார். அங்கேயும் வந்தது.

பதினொன்றாயிற்று. பைப்பு வாயில் தண்ணீர் குறையவில்லை. அவர் வந்து இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

ராமக்காள்தான் முதலில் கத்தினாள். "ஏங்க, என்னாத்துக்கு இன்னும் மொகத்தக் கழுவறீங்க? அரை ஏக்கரு நம்முதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க!"

"நம்முதுதான்" என்றார், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

பச்சியப்பன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "பூவிழி... நம்ம தோட்டத்துலயும் ரெண்டு செத்துக் கெடக்குதும்மா. தூர்க்கல."

"கிரஷர் துகள் போடக் கூடாது பெரியப்பா."

"போடலம்மா."

"எருமையும் எறங்கக் கூடாது."

ராமக்காள் சிரித்த சிரிப்பில் டிரைவரும் சேர்ந்துகொண்டார். பிறகு கவலையாகக் கேட்டார், "அப்ப நாங்க சும்மா திரும்பறதாங்க?"

"என்னாத்துக்குச் சும்மா?" என்றார் சின்னராஜ். "பச்சியப்பன் போரு ரெண்டும் அடைச்சிக் கெடக்கும். காத்தடிச்சிச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போங்க. மழை உள்ள எறங்கோணும்."

"செரிங்க. எடம் எங்கங்க?"

சின்னராஜ் மண்வெட்டியைத் தோளில் போட்டார்.

"பாப்பாவக் கேளுங்க. அதுதான் சொல்லும்."

பூவிழி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈர வண்டித்தடத்தில் முன்னால் நடந்தாள். அவ்வளவு பெரிய வண்டி அவளுக்குப் பின்னால் மெள்ள ஊர்ந்து வந்தது. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.