அழகுமலை வண்டியின் காற்றுக் கூம்பு

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் நாள், வெள்ளிக்கிழமை. வாடிப்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குத் தன் டீசல் பிக்அப் நாற்பதே நிமிடத்தில் வந்து சேர்ந்தது காற்றின் வலிமையால்தான் என்பதை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அழகுமலையின் மனக்குறை இதுதான்.

அதற்கு முந்தின நாள் காலையில் இதே சாலையில், பரவைக்கு அருகே, இருபுறமும் பால்கேன் கட்டிய மொபெட் ஒன்று அந்த வண்டியை முந்திச் சென்றது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அதைக்கூட அழகுமலை பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால், சந்தையை அடைந்தபோது மணி ஏழரை. நல்ல விலைக்கு வாங்குபவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். கமிஷன் கடை அன்னக்கொடி சாக்கைப் பிரித்து ஒரு கை மல்லிகையை அள்ளிப் பார்த்தார்.

“ஏப்பா, நான் மொட்டுத்தான ஏத்திவிடச் சொன்னேன்? வர்ற வழியிலயே அம்புட்டும் விரிஞ்சு போச்சு. நாளைக்கு முகூர்த்தம். ஏழு மணிக்குள்ள வண்டி வரல, லோடு மொக்கையனுக்குத்தான். பெறகு யக்கா கொக்கான்னு வந்து நிக்காத.”

மொக்கையன் என்பவன் இன்னொரு பிக்அப் வைத்திருப்பவன். அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். தலையை மிகப் பணிவாக ஆட்டினான்.

அழகுமலைக்கு அந்த ஒரு லோடுதான் பிழைப்பு. சென்ற ஆண்டு இரண்டு மாதம் வேலையின்றி வண்டி ஆனையூரில் வீட்டு வாசலில் நின்றபோது, அவன் மனைவி சரண்யாதேவி அதன் மேல் வற்றல் காயவைத்தாள். வண்டியைவிட வற்றல்தான் அந்த வீட்டுக்கு வருமானம் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டதும் அவன் காதில் விழுந்தது.

ஆகவே, மைத்துனன் சிவக்குமாரிடம் போனான். சிவக்குமார் ஒலி-ஒளி அமைப்பவன். கூம்பு ஒலிபெருக்கிகளுக்குக் காவல்துறை கெடுபிடி செய்யத் தொடங்கிய பிறகு, அவன் கடையில் எட்டுக் கூம்புகள் வேலையில்லாமல் வாய் பிளந்து கிடந்தன.

“மாமா, ஒங்க இஞ்சினுக்கு மூச்சு முட்டுது. எதுத்தாப்புல வர்ற காத்தைப் பிடிச்சு உள்ள திணிச்சம்னா இழுவை பிச்சுக்கிட்டுப் போகும். வெளிநாட்டுல ஒருத்தன் வீட்டு வாசல்லயே வச்சுச் செஞ்சிருக்கான். வீடியோ இருக்கு.”

“அவன் வண்டி ஓடுச்சா மாப்ள?”

“வீடியோல ஓடுச்சு.”

அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. ஒரு கூம்பின் உள்ளிருந்த உறுப்புகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, அதை வண்டியின் பானட் மேல் முன்னோக்கி நிறுத்தினார்கள். கூம்பின் வாலில் பிளாஸ்டிக் குழாய், அதிலிருந்து ரப்பர் குழாய், அதிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டி. இடுக்குகளில் எல்லாம் எம்சீல் பசை. மழை பெய்தால் தண்ணீர் இஞ்சினுக்குள் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தால், சிவக்குமார் குழாயின் அடிப்பக்கத்தில் விரலளவு நீளத்துக்கு ஒரு கீறல் போட்டான். உலகில் நல்லெண்ணத்தால் விளைந்த கேடுகளின் பட்டியலில் அந்தக் கீறலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிவக்குமாரும் உடன் வர, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குள் வாடிப்பட்டியில் பூ ஏற்றி முடித்தார்கள். மல்லிகைச் சாக்குகள் கீழே. செவ்வந்தியும் சம்பங்கியும் மேலே உதிரியாக. வெயில் படாமலிருக்க, அன்னக்கொடி கொடுத்தனுப்பியிருந்த பழைய பிளக்ஸ் ஒன்றை மேலே போட்டுக் கட்டினார்கள். அவர் கடையின் இருபதாம் ஆண்டு விழாவுக்கு அடித்த பிளக்ஸ் அது. “அனைவரையும் வருக வருக” என்ற பகுதி மடிப்புக்குள் போய்விட்டது. கைகூப்பிச் சிரிக்கும் அன்னக்கொடியின் ஆளுயர முகமும், அதன் கீழே பெயரும் மட்டும் வெளியே தெரிந்தன.

வேகம் ஐம்பதைத் தொட்டதும் கூம்பு ஊதத் தொடங்கியது.

அது விசிலன்று, ஹாரனும் அன்று. குழாயின் கீறலில் புகுந்த காற்று, நீண்டு, கனத்து, அடிவயிற்றிலிருந்து எழும்பி, சாவு வீட்டுச் சங்காகவே ஒலித்தது.

“மாமா, சத்தம் ஒரு மாதிரியா வருதே?”

“காத்து உள்ள போகுதுடா. போகையில சத்தம் போடாதா?”

முன்னால் சென்ற பேருந்து இடப்புறம் ஒதுங்கி வழிவிட்டது. அழகுமலை மிதித்தான். அறுபது. மணல் லாரி ஒதுங்கியது. கார்கள் ஒதுங்கின. டீக்கடையில் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து, தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். வண்டியின் பின்புறம் பிளக்ஸ் படபடக்க, செவ்வந்தி இதழ்கள் சாலை நெடுக உதிர்ந்துகொண்டே வந்தன.

“பாத்தியா மாப்ள, நம்ம வண்டிக்கு எம்புட்டு மருவாதி! எந்திரிச்சு நிக்கிறாய்ங்கடா!”

பரவையில் காய்கறிச் சந்தைக்கு வந்திருந்தவர்களுள் பாதிப்பேர் அன்னக்கொடியை அறிந்தவர்கள். சங்கொலி கேட்டது, இதழ் உதிர்ந்தது, முகம் கடந்து போனது. அதற்கு மேல் அவர்களுக்கு என்ன சான்று வேண்டும்? ஒருவர் ரோஜா மாலையை எறிந்தார். அது கூம்பின் மேல் சரியாக விழுந்தது. இருபது பைக்குகள் பின்தொடர்ந்தன.

“மாமா, பின்னால ஒரு கூட்டமே வெரட்டிக்கிட்டு வருது.”

“முந்தப் பாக்குறாய்ங்க. விடக் கூடாது.”

எழுபது. பைக்குகளுக்கு நடுவே பால்கேன் மொபெட்டும் வந்தது. அதன் மேலிருந்தவர் இன்று சிரிக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறான், தோற்றுவிட்டான் என்று அழகுமலை மனம் குளிர்ந்தான்.

ஆறு நாற்பதுக்கு வண்டி மாட்டுத்தாவணியில் நின்றது. அன்னக்கொடி கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே பைக்குகளிலிருந்து நாற்பது பேர் இறங்கி, அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். ஆனையூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய இருளாயி மட்டும் எதையும் பாராமல் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் அன்னக்கொடியின் நாத்தனார். இருவருக்கும் பதினோரு ஆண்டுகளாகப் பேச்சில்லை.

“போயிட்டியே மதினி! ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டியே…” என்றவள், எதிரே டீ கிளாசைக் கண்டு நின்றாள். “ஏன் மதினி, நீ சாகலையா?”

“நான் எதுக்குடி சாகணும்? நீ எதுக்கு அழுகுற?”

“ரோட்டுல ஒம் பொணம் போகுதுன்னு சொன்னாக. அழுகாம, குலவையா போடுவாக?”

அன்னக்கொடி வண்டியைச் சுற்றி வந்தார். பிளக்ஸைப் பார்த்தார், கூம்பைப் பார்த்தார், கூம்பின் மேல் கிடந்த மாலையைத் தொட்டுப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பூ வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். பிண வண்டிப் பூ என்று ஒருவர் முணுமுணுத்தார்.

அந்த வேளையில் அன்னக்கொடியின் கடைக்குள் யாரோ குனிந்து எதையோ அளப்பது தெரிந்தது. மொக்கையன். கையில் இஞ்ச் டேப்.

“பத்துக்குப் பதினாலு. அக்கா போனா கடை யாருக்கு வருதாம்?” என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டவாறே நிமிர்ந்தவன், அக்காவைப் பார்த்தான். டேப் தானாகச் சுருண்டு உள்ளே போயிற்று.

அன்னக்கொடி டீ கிளாசைக் கீழே வைத்தார். பிறகு, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“செத்தது நானு. எனக்கே இல்லாத தீட்டு பூவுக்கு எங்கிட்டிருந்து வரும்? வாங்குறவுக வாங்குங்க. டேய் மொக்கை, அளந்தது போதும், கெளம்பு. அழகுமலை, இனிமே லோடு ஒனக்குத்தான். இருளாயி, உக்காரு, டீ குடி.”

ஏழு மணிக்குள் அத்தனை பூவும் விற்றுத் தீர்ந்தது. அழகுமலை பிழைத்தான். ஆனால், கூம்பைத் தட்டிக்காட்டி, “பாத்தீகளா யக்கா, காத்தோட வேலைய?” என்று அவன் பெருமையுடன் கேட்டபோது, அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

“காத்தாவது கீத்தாவது! எம் மூஞ்சிக்கு வழி விட்டாய்ங்கடா!”

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மறுநாள் பிளக்ஸைக் கழற்றிவிட்டு வெறும் தார்ப்பாய் கட்டிக்கொண்டு போனான். அப்போதும் சங்கு ஊதியது, அப்போதும் சாலை ஒதுங்கியது. கீறலை அடைக்கச் சிவக்குமார் ஒப்பவில்லை. மழைக்காலம் வருகிறது என்கிறான். எல்லாரும் வழிவிட்டால், வண்டி தன் வலிமையால் முந்தியதா, மரியாதையால் முந்தியதா என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது?

ஆகவே, இதைப் படிப்பவரே, காலை ஆறு மணிக்கு மேல் வாடிப்பட்டிக்கும் பரவைக்கும் இடையே திண்டுக்கல் சாலையில் போகிறவர் நீரானால் கேளும். முகப்பில் கூம்பு வைத்த வெள்ளை வண்டி ஒன்று சங்கொலியோடு உமக்குப் பின்னால் வரும். துண்டை எடுக்காதீர். கைகூப்பாதீர். ஓரம் ஒதுங்காதீர். அதில் யாரும் சாகவில்லை. உமது வேகத்திலேயே போய்க்கொண்டிரும். அவன் முந்துகிறானா என்று பாரும். கண்டதை மாட்டுத்தாவணியில் அன்னக்கொடியிடம் நேரில் வந்து சொல்லும்.