உதவாத ரெசிஸ்டர்

என் சர்க்யூட்டை என்ட்விசில் திருடுகிறான் என்பது எனக்கு நிச்சயம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், மான்செஸ்டரில், ஒரே கூடத்தில் ஆளுக்கொரு கணினி கட்டிக்கொண்டிருந்தோம். நான் தேநீர் குடிக்கப் போனால் போதும், அவன் என் கணினியின் கண்ணாடி வால்வு வரிசைப் பக்கம் வந்து நிற்பான். அவனை மாட்டிவைக்க, எதற்கும் உதவாத ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் பற்றவைத்தேன். அதுவரை அடிக்கடி தப்பாகக் கூட்டிய என் கணினி, அந்த வாரம் ஒரு தப்பும் செய்யவில்லை. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே அவன் கணினியிலும் அதே இடத்தில் அதே ரெசிஸ்டர்!

"மாட்டினியாடா திருட்டுப் பயலே! அது எதுக்குன்னு சொல்லு பாப்போம்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"எனக்கென்னப்பா தெரியும்? ஒன்னுதப் பாத்துத்தான் போட்டேன்," என்றான் கூசாமல். "ஆனா இதப் போட்டப்புறம் என் மிஷின் தப்பே பண்றதில்ல."

"சும்மா வச்சதுடா மடையா!"

என் கணினியிலிருந்த ரெசிஸ்டரைப் பிடுங்கிக் காட்டினேன். கணினியைப் பதினேழையும் ஐந்தையும் கூட்டச் சொன்னேன். இருபது என்றது.

என்ட்விசில் தன் கணினிக்கு முன்னாலிருந்து விலகி நின்றான்.

"வாப்பா, பாத்துப் போட்டுக்கோ."