முதல் ஃப்ளாஷ் ஒத்திகை

காதல் கல்யாணம். நாலு வருஷம் கழித்து மாமனார் ஒருவழியாக வீட்டுக்குள் விட்டாரே தவிர, மாப்பிள்ளையின் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டே, "அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளும்மா" என்பார். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷன் 'அவர்' ஆகவே இருப்பான்? ஒரே ஒரு தடவை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட மாட்டாரா என்று இவனுக்கு ஏக்கமான ஏக்கம்.

அதற்குத்தான் கேமராவையும் ஃப்ளாஷையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். குடும்பத்தையே அழகாகப் படம் பிடித்துக் கொடுத்தால் மனசு இளகாமலா போகும்? ஃப்ளாஷ் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது என்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

முதலில் மாமனாரைத் தனியாக உட்காரவைத்து, நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்தான். மூக்குக் கண்ணாடியில் இரண்டு வெள்ளை வட்டம், வழுக்கையில் மூன்றாவது.

"எனக்குக் கண்ணுன்னு ஒண்ணு இருக்குன்னு அவர்கிட்ட சொல்லும்மா" என்றார் மாமனார்.

வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பினால் மென்மையாக விழும் என்று எங்கோ படித்திருந்தான். ஃப்ளாஷின் தலையைப் பக்கத்துச் சுவர் பக்கம் திருப்பினான். மென்மையாகத்தான் விழுந்தது. ஆனால் அது பச்சைச் சுவர்.

"ஐயையோ, ஒரு வாரமா வயித்தால போன மாதிரி இருக்காரே!" என்றாள் மாமியார். பெயின்ட் மாமனார் பார்த்துப் பார்த்து வாங்கியது. அதனால் யாரும் சுவரைக் குறை சொல்லவில்லை.

அடுத்தது குடும்பப் படம். பெரியவர்கள் இருவரும் நாற்காலியில், பின்னால் இவன் மனைவி, மைத்துனன், மைத்துனன் மனைவி. தலைக்கு மேலே கூரையாவது வெள்ளையாக இருந்ததே, புண்ணியம். ஃப்ளாஷை அண்ணாந்து பார்க்க வைத்து அழுத்தினான். பளிச். 'அப்பாடா' என்று எல்லாரும் தளர்ந்தார்கள். அப்போது இன்னொரு பளிச். படத்தில் மைத்துனன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான், மாமியார் பாதி எழுந்திருந்தாள், மாமனாரின் சுண்டுவிரல் காதுக்குள் இருந்தது.

கண் சிவப்பாக விழாமலிருக்க, ஃப்ளாஷ் முதலில் சும்மா ஒருமுறை மின்னிவிட்டு, பிறகுதான் படத்துக்கென்று மின்னும். அந்த வசதியை இந்தப் படத்துக்கென்று போட்டுவைத்த மகானுபாவன் இவனேதான்.

"முதல்ல அடிக்கிறது ஒத்திகை. ரெண்டாவதுதான் நிஜம். அது வர்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது, மூச்சுகூட விடாதீங்க!" என்று கண்டிப்பாகச் சொன்னான்.

"புரிஞ்சுதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா."

அப்புறம் யோசித்தான். எதற்கு வம்பு? அந்த வசதியையே அணைத்துவிட்டான். நல்ல காரியம்தான். அதை ஒருத்தரிடமும் சொல்லாமல் விட்டானே, அங்கேதான் வந்தது வினை.

பளிச். இவன் உடனே குனிந்து, திரையில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தான். வட்டமில்லை, பச்சையில்லை, கொட்டாவியில்லை. அடடா, நாமா எடுத்தோம் என்று அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்துப் பூரித்தான்.

எதிரே ஐந்து பேர் சிலையாக இருந்தார்கள். மாமியாரின் கன்னம் உப்பிவிட்டது. மைத்துனன் கண்ணில் தண்ணீர். மாமனாரின் முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்தது. அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"மாப்பிள்ளை! ரெண்டாவது எப்பதான் வரும்? உயிர் போகுதுய்யா!"

எல்லாருக்கும் மூச்சு ஒரேயடியாக வந்தது. மனைவி மெல்லக் குனிந்து அப்பாவைப் பார்த்தாள். மாமனாருக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

'எடுத்தாச்சு மாமா' என்று சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "இதோ... இதோ மாமா" என்று கேமராவைத் தூக்கி அழுத்தினான்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழக்கதோஷத்தில் மகள் பக்கம் திரும்பி, "நான் கண்ணை மூடிட்டேன்னு அவர்கிட்ட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். நேராக இவனைப் பார்த்தார்.

"இன்னொண்ணு எடுங்க, மாப்பிள்ளை."

எதிரில் இருப்பது யாரென்றே தெரியாத அளவுக்குக் கண் நிறைந்து, குத்துமதிப்பாகத்தான் அந்தப் படத்தை எடுத்தான்.