பின்னால் ஒரு கனம்

நல்ல சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தால் அப்பா பழையபடி ஞாயிற்றுக்கிழமைகளில் நெதர்லாந்தின் லேவார்டனில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று ஹிஸ்கே நம்பினாள். போன வருஷம் அம்மா ஆல்ட்யே இறந்ததிலிருந்து அப்பா கெர்பன் தான் இருக்கும் டொக்கும் என்ற ஊரைத் தாண்டவில்லை. அவருடைய கரகரத்த குரல் வாசலில் கேட்காமல் மகளுக்கு வீடு வீடாகவே இல்லை. அப்பா வேண்டும், அவ்வளவுதான்.

டொக்கும் கடையில் அவள் பார்த்து வைத்திருந்தது பச்சை வண்டி. ஸ்டீல் பிரேம்; காலைத் தூக்கிப் போட வேண்டாதபடி குறுக்குக் கம்பி தாழ்ந்தது; எதிர்காற்றுக்கென்று லேசான கியர். சந்தைக்கும் போகலாம், மூட்டை கட்டிக்கொண்டு ஜெர்மனிக்கும் போகலாம். அவளோடு கடைக்கு வந்த கெர்பன் இதில் எதையும் பார்க்கவில்லை. பின் கேரியரை இரண்டு கையாலும் அழுத்தினார்.

"இதுல ஆள் உக்காரலாமா?"

"பை மாட்டத்தான் பெரியவரே. ஆள் உக்காந்தா வளைஞ்சிடும்," என்றார் கடைக்காரர்.

"அப்ப வேணாம்."

அடுத்த வண்டிக்கும் அதே கேள்வி, அதற்கடுத்ததற்கும் அதே. பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆல்ட்யே சொந்த சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டு, அவர் வண்டி நகர்ந்த பிறகு பின்னால் தாவி ஒருக்களித்து உட்காருகிறவள். ஹிஸ்கேவுக்குப் பொறுமை போயிற்று.

"அம்மாதான் இல்லையேப்பா. யாரை ஏத்தப் போறீங்க?"

கெர்பன் கேரியரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"யாரையும் இல்லம்மா. பின்னாடி கனம் இல்லன்னா, விழுந்துட்டாளோன்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன். ஒருவாட்டி கால்வாய்க்குள்ளயே போயிட்டேன். அதான் ஓட்டுறதையே விட்டுட்டேன்."

மூட்டுவலி என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்.

"பை நிறைய உருளைக்கிழங்கு போட்டுக்கிட்டு வாங்கப்பா."

"நீ ஒண்டிக்கட்டை. அவ்வளவையும் யாரு திங்கிறது?"

"வாங்க சொல்றேன்."

பச்சை வண்டியையே வாங்கினார்கள். ஞாயிறன்று வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்; இரண்டு பையிலும் கிழங்கு. ஹிஸ்கே அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். சூப் குடித்தார்கள், சீட்டு ஆடினார்கள். சாயங்காலம் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி ஏறாமல் நின்றார்.

"பை காலியா இருக்கே."

அவள் உள்ளே போய் அதே கிழங்கை அள்ளி வந்து நிரப்பினாள். அவர் ஏறி மிதித்தார். ஒரு தடவையாவது தன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டாரா என்று தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் நேராகப் போனார்.